பின்னற்பொறி கண்ட வில்லியம் லீ

தோற்றுவாய்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. அவற்றுள் உடையை ஆக்கும் நெறிகளில் நெய்தலை எல்லாரும் அறிவர். பின்னலை நன்கறிந்தார் சிலரே. தறியிலே பாவும் ஊடுமாக இருவகை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும். பின்னலிலோ ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு கண்ணியினூடே மற்றொரு கண்ணியாகப் புகுந்து புகுந்து ஆடையாகின்றது. தறி நாட்ட இடம் வேண்டும்; பொருளும் வேண்டும். பின்னுதற்கோ சில ஊசிகளும் ஓர் உருண்டைக் கம்பளி நூலும் போதும். ஆதலின் குளிர் மிகுந்த மேலை நாடுகளில் இஃது ஏழைகளின் தொழிலாயிற்று. கைம்பெண் குடிசை வாயிலில் அமர்ந்து பின்னினாள். இடையன் மந்தையின் பின்னே நடந்துகொண்டே பின்னினான். சிறு பிள்ளைகளும் பின்னித் தம் உணவுக்கு வழி தேடினர்.

இவ்வெளிய கைத்தொழிலை யந்திரத்தாற் செய்ய முயன்று முதன்முதல் வெற்றி கண்டவர் வில்லியம் லீ என்னும் ஆங்கிலேயர். அவர் கிராமத்துக் குருவானவராய் இருந்தவர் என்று மரபு கூறும். அவர் தம் பொறியை ஆக்கியது கி. பி. 1589-ஆம் ஆண்டில். நீராவியால் இயங்கும் ஆலைகள் தோன்றுதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்னரே அவர் இதனைச் செய்து முடித்தார். எனினும் அதனால் அவர் துய்த்த பயன் சிறிது. உற்ற துயரோ பெரிது. அவர்தம் வரலாறு, யந்திரமும் ஏழையின் கையும் எதிர்ப்பட்டபோது எழுந்த வினா ஒன்றை நம் முன் நிறுத்துகின்றது. அவ்வினாவை மனத்துட்கொண்டு அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

குல்லாவும் அரச கட்டளையும்

லீ தோன்றிய காலம் எலிசபெத்து அரசியார் இங்கிலாந்தை ஆண்ட காலம். அவர் 1558 முதல் 1603 வரை அரியணையில் வீற்றிருந்தார். அந்நாளில் ஆங்கில நாட்டுப் பின்னற்றொழிலுக்கு முதுகெலும்பாய் விளங்கியது கம்பளிக் குல்லா. கவென்ட்ரி, பியூட்லி, மன்மத் முதலிய ஊர்கள் குல்லாத் தொழிலாற் பெயர் பெற்றவை. கம்பளியைச் சிக்கெடுப்போர், நூற்போர், பின்னுவோர், மிதித்துத் துவைப்போர், சாயமிடுவோர் எனப் பலர் இத்தொழிலாற் பிழைத்தனர்.

நாளடைவில் மயிர்க்கம்பளத்தாற் செய்த அகன்ற தொப்பிகள் நாகரிகமாயின. குல்லாவை விரும்புவார் குறைந்தனர், குல்லாக்காரர் வேலையிழந்தனர். அவர் துயர் தீர்க்கக் கருதிய பாராளுமன்றம் 1571-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆறு வயதுக்கு மேற்பட்டோர் யாவரும், உயர்குடியினர் முதலிய சிலர் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் ஆங்கில நாட்டிலே செய்த கம்பளிக் குல்லா அணிதல் வேண்டும். அணியாதார் நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங்கு நான்கு பென்னி தண்டம் இறுத்தல் வேண்டும். இதுவே அச்சட்டத்தின் சாரம். ஏழு வயதுச் சிறுவன் முதல் நரைமூதாளன் வரை எல்லார் தலைக்கும் குல்லா வேண்டியதாயிற்று. தலைகள் பலவாதலின் குல்லாவின் அளவுகளும் பலவாகும் அன்றோ? ஒரே பொருளைப் பல அளவிற் பின்னும் நெறியை ஈண்டுச் சிறிது விளக்குதல், லீயின் அருஞ்செயலை அறிதற்குத் துணையாகும்.

மூன்று தலையும் ஒரு கணக்கும்

குல்லா பின்னுவார் முதற்கண் அறிய வேண்டுவது, ஓர் அங்குல அகலத்தில் எத்தனை கண்ணிகள் அடங்கும் என்பதாம். நூலின் பருமனுக்கும் கையின் இறுக்கத்துக்கும் ஏற்ப இது வேறுபடும். ஆதலின் சிறு துண்டு ஒன்றை முன்னர்ப் பின்னி அளந்துகொள்வர். அங்குலத்துக்கு ஐந்து கண்ணி என வைத்துக்கொள்வோம். கைக்குழந்தையின் தலைச்சுற்று 16 அங்குலம், சிறுவனது 20 அங்குலம், வளர்ந்த ஆடவனது 23 அங்குலம் எனின், முறையே 80, 100, 115 கண்ணிகள் என்று கணக்கு வரும். பின்னல் இழுத்தால் நீளும் இயல்பினது. ஆதலின் குல்லா தலையைப் பற்றி நிற்றற்பொருட்டுப் பத்தில் ஒரு பங்களவு குறைத்து, எட்டால் வகுபடும் எண்களாக 72, 88, 104 என அமைத்துக்கொள்ளலாம்.

அக்கண்ணிகளை நான்கு ஊசிகளிற் பகிர்ந்து நிறுத்தி, ஐந்தாம் ஊசியாற் சுற்றிச் சுற்றிப் பின்னிச் செல்வர். நெற்றியும் காதும் மூடும் உயரம் வந்தபின் உச்சியைக் குவித்தல் வேண்டும். சுற்றை எட்டுச் சமகூறாகக் கொண்டு, ஒவ்வொரு கூற்றின் இறுதியிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுவர். அதனால் அச்சுற்றில் எட்டுக் கண்ணிகள் குறையும். அடுத்த சுற்றைக் குறைக்காமற் பின்னுவர். இவ்வாறு குழந்தையின் குல்லாவில் எட்டு முறையும், சிறுவன் குல்லாவிற் பத்து முறையும், ஆடவன் குல்லாவிற் பன்னிரண்டு முறையும் குறைத்தால் எஞ்சுவன எல்லாவற்றிலும் எட்டுக் கண்ணிகளே. அவ்வெட்டினூடும் நூலைச் செலுத்தி இழுத்து முடிந்தால் உச்சி மூடிக்கொள்ளும். தலை மூன்றாயினும் நெறி ஒன்றே, முடிவும் ஒன்றே. எழுத்தறியாத பாட்டியரும் இக்கணக்கைத் தம் விரல் நுனியில் வைத்திருந்தனர்.

லீயின் காலத்துக் குல்லாக்காரர் இன்னும் ஒரு வேலை செய்தனர். வேண்டிய அளவினும் பெரிதாகப் பின்னிய குல்லாவை நீரில் நனைத்து, மிதித்துத் துவைத்துச் சுருங்கச் செய்தனர். அதனாற் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று இறுகி, மழையும் பனியும் எளிதிற் புகாத தடிப்பு உண்டாயிற்று. போர்வீரரும் மாலுமிகளும் அதனை விரும்பி அணிந்தனர். அக்காலத்து மன்மத் குல்லா ஒன்று அவ்வூர்ப் பொருட்காட்சிச் சாலையில் இன்றும் காப்பாற்றப்பட்டு வருகின்றது.

இங்ஙனம் வட்டமாகப் பின்னும் முறை லீக்கும் மிக முற்பட்டது. ஜெர்மனி தேசத்துப் பெர்ட்ராம் என்னும் ஓவியர் 1400-ஆம் ஆண்டளவில் ஒரு தேவாலயப் பீடத்துக்கு எழுதிய சித்திரங்களுள் ஒன்றில், கன்னி மரியாள் நான்கு ஊசிகளாற் குழந்தை இயேசுவுக்குச் சட்டை பின்னிக்கொண்டிருக்கின்றார். ஆண்டவர் சிலுவைப்பாட்டின்போது தையலில்லாத அங்கி அணிந்திருந்தார் என்னும் சுவிசேஷச் செய்தியை அவ்வோவியம் நமக்கு நினைவூட்டுகின்றது. வட்டப் பின்னலுக்கும் தையல் வேண்டுவதில்லை.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நாட்டிங்காம் என்னும் நகரம் உளது. அதற்கு வடகிழக்கே சில மைல் தொலைவில் உள்ள கல்வெர்ட்டன் என்னும் சிற்றூரில், 1563-ஆம் ஆண்டளவில், வில்லியம் லீ பிறந்தார். அவருக்கு ஜேம்ஸ் என்னும் தம்பி ஒருவர் உண்டு. இத்தம்பியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். லீ கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் கற்றுப் பட்டம் பெற்றார் என்றும், பின்னர்த் தம் ஊரிலே உதவிக் குருவாய்த் திருப்பணி புரிந்தார் என்றும் மரபு வழங்குகின்றது.

ஒரு குருவானவரின் உள்ளம் பின்னல் ஊசியின்பாற் சென்றது எங்ஙனம்? இதற்கு இரண்டு கதைகள் சொல்வர். லீ ஒரு நங்கையைக் காதலித்தார். அவள் அவர் பேச்சுக்குச் செவி கொடாமல் எப்போதும் பின்னலிலே கண்ணாயிருந்தாள். அதனாற் சினங்கொண்ட அவர், அப்பின்னலையே வேண்டாததாக்கும் பொறி ஒன்று செய்வேன் என உறுதி பூண்டார் என்பது ஒரு கதை. மணம் புரிந்தபின் வறுமையுற்ற லீயின் மனைவியார் இரவும் பகலும் பின்னிக் குடும்பம் காத்தார். அவர் விரல்களின் வருத்தத்தைக் காணப் பொறாத கணவர், அவ்வருத்தம் தணிக்க வழி தேடினார் என்பது மற்றொரு கதை. ஆல்பிரெட் எல்மோர் என்னும் ஓவியர், பின்னற்பொறியின் தோற்றத்தைப் பொருளாகக் கொண்டு எழுதிய படம் 1847-இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டுப் பலர் உள்ளத்தையும் கவர்ந்தது. முதற் கதையிற் சினம் தூண்டுகோல். இரண்டாவதில் இரக்கம் தூண்டுகோல். இரக்கமே குருவானவர்க்குப் பொருந்துவது என எம் மனம் விழைகின்றது. ஆயினும் விழைவு வேறு, வரலாறு வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

பொறியின் அமைப்பு

பின்னுவோர் ஒரு நேரத்தில் ஒரு கண்ணியையே ஆக்குவர். நூறு கண்ணிகள் நிரம்பிய வரிசையை முடிக்க, ஒரே செயலை நூறு முறை செய்தல் வேண்டும். காலுறையின் பெரும்பகுதி வட்டமாகப் பின்னப்படினும், குதிகாற் பகுதியை இரண்டே ஊசிகளால் முன்னும் பின்னுமாகத் தட்டையாகப் பின்னுவர். இதனை உற்று நோக்கிய லீக்கு ஓர் உண்மை புலப்பட்டது என்ப. தட்டையாகப் பின்னுவதாயின், கண்ணிகள் யாவும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி ஊசி ஒன்று கொடுத்து விட்டால், ஒரு வரிசை முழுவதையும் ஒரே முயற்சியில் ஆக்கிவிடலாம் அன்றோ?

இவ்வெண்ணமே பொறியாய் உருப்பெற்றது. கொக்கி போல் முனை வளைந்த பல ஊசிகள் சீப்பின் பற்கள் போல் வரிசையாக நிறுத்தப்பட்டன. நூலை அவ்வூசிகளின் குறுக்கே இட்டதும், ஊசிகளின் இடையிடையே உள்ள மெல்லிய தகடுகள் கீழிறங்கி அந்நூலை வளைத்துப் புதிய கண்ணிகளாக்கும். அப்புதிய கண்ணிகள் கொக்கிகளினுள்ளே தங்கும். பின்னர் ஓர் அழுத்துங்கோல் கொக்கி முனைகளை எல்லாம் ஒருங்கே அழுத்தி மூடும். மூடிய கொக்கிகளின் மேலாகப் பழைய கண்ணிகள் வழுக்கிக் கழலும். புதியன அவற்றினூடே வந்து நிற்கும். ஒரு வரிசை முடிந்தது. தேர்ந்த கை நிமிடத்துக்கு நூறு கண்ணிகள் ஆக்குமாயின், லீயின் பொறி ஐந்நூறு அறுநூறு ஆக்கிற்று என்பர்.

அளவு மாற்றுதற்கும் வழி இருந்தது. அகலம் மிகுதியாக வேண்டின் மிகுதியான ஊசிகளிலும், குறைவாக வேண்டிற் குறைவான ஊசிகளிலும் நூலை இடுவர். கணுக்காலருகே ஒடுக்க வேண்டின், ஓரத்துக் கண்ணிகளைக் கையால் எடுத்து அடுத்த ஊசிகளில் மாட்டுவர். பாட்டியர் விரல் நுனியில் நின்ற அதே கணக்கு, இங்கே இரும்பில் எழுதப்பட்டது. குறை ஒன்றே: பொறி தட்டையான துண்டையே தரும், ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால்தான் காலுறையாகும். வட்டமாகப் பின்னும் பொறிக்கு மார்க் புரூணல் என்பவர் காப்புரிமை பெற்றது 1816-ஆம் ஆண்டிலேதான். அதுகாறும் தையலில்லாக் குல்லா கையின் தனியுரிமையாகவே நின்றது.

அரசியாரின் மறுப்பு

லீ தம் பொறியுடன் தலைநகர் சேர்ந்தார். அதனை அவரே செய்து பயன் கொள்ளுதற்குரிய தனியுரிமைப் பட்டயம் அரசவையிலிருந்து கிடைத்தால், முதலிட்டு உதவுவார் வருவர்; தொழிலும் பெருகும். அரசியாரின் உறவினரான ஹன்ஸ்டன் பிரபு அவருக்குத் துணை நின்றார் எனவும், அரசியாரே நேரில் வந்து பொறி இயங்கும் முறையைக் கண்டார் எனவும் பரம்பரைச் செய்தி கூறும். முதற்பொறியில் அங்குலத்துக்கு எட்டு ஊசிகளே இருந்தன. ஆதலின் அதில் வந்த கம்பளிக் காலுறை தடித்துப் பரும்படியாய் இருந்தது. கையாற் பின்னிய மெல்லிய பட்டுக் காலுறைகளை அணிந்து பழகிய அரசியாருக்கு அது மகிழ்ச்சி தரவில்லை.

லீ தளர்ந்திலர். திரும்பவும் பட்டறையிற் புகுந்து பல ஆண்டுகள் உழைத்தார். ஊசிகளை மெல்லியனவாக்கி, அங்குலத்துக்கு இருபது ஊசிகள் அடங்குமாறு பொறியைத் திருத்தினார். அந்நூற்றாண்டு முடியுமுன் அவர் பொறியிற் பட்டுக் காலுறையும் பின்னப்பட்டது. எட்டிலிருந்து இருபதுக்கு ஏறுதல் சொல்லுதற்கு எளிது. இரும்பு வேலை சுத்தியலாலும் அரத்தாலுமே நடைபெற்ற அக்காலத்தில், ஒன்றற்கொன்று வேறுபாடின்றி நூற்றுக்கணக்கான நுண்ணூசிகள் செய்வித்தல் எத்துணை அரிது என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

அப்பொழுதும் பட்டயம் கிடைக்கவில்லை. கையாற் பின்னி உயிர் வாழும் ஏழைக் குடிகளின் வாய்ச்சோற்றை இப்பொறி பறித்துவிடும், அவர்கள் பிச்சையெடுக்க நேரும் என்று அரசியார் அஞ்சினார் என்பதே மறுப்புக்குக் காரணமாக மரபு வழியிற் சொல்லப்படுவது. இவ்வச்சத்தை ஒருகாற் பேதைமை என்று நகைத்து ஒதுக்கத் தோன்றும். ஆனால் 1571-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். குல்லாக்காரரின் பசி தீர்க்கச் சட்டமே செய்த அரசு அது. அச்சட்டத்தை மக்கள் போற்றவில்லை. 1597-இல் அது நீக்கப்பட்டது. தொப்பியின் நாகரிகத்துக்கே தோற்றுப்போன குல்லாக்காரர், அறுநூறு கண்ணி ஆக்கும் பொறிக்கு எதிரே எங்ஙனம் நிற்பர்? அரசியார் எழுப்பிய வினா நேரிய வினாவே. அதற்கு விடையாகப் பொறியையே விலக்கியதுதான் நேரிதன்று. வேலையிழப்பார்க்கு வேறு வழி காட்டுதல் எங்ஙனம் என்று ஆராய்ந்தார் ஒருவரும் இலர்.

1600-ஆம் ஆண்டில் ஜார்ஜ் புரூக் என்னும் செல்வர் லீயுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். நற்காலம் பிறந்தது என லீ எண்ணியிருக்கக் கூடும். ஆனால் 1603-இல் எலிசபெத்து அரசியார் இறக்க, ஜேம்ஸ் மன்னர் பட்டம் எய்தினார். அவ்வாண்டிலேயே புரூக் மன்னர்க்கு எதிரான சதியில் ஈடுபட்டாரெனக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கொலைத்தண்டனை அடைந்தார். புதிய மன்னரும் லீக்குப் பட்டயம் வழங்கவில்லை.

பிரஞ்சு நாட்டில்

தாய்நாடு கைவிடவே லீ கடல் கடக்கத் துணிந்தார். பிரஞ்சு நாட்டை அப்பொழுது ஆண்டவர் நான்காம் ஹென்றி மன்னர். 1598-இல் நாந்து நகரக் கட்டளையால் அந்நாட்டுப் புரோட்டஸ்டண்டு மக்களுக்கு வழிபாட்டுரிமை அளித்தவர் அவரே. தொழில்களை வளர்ப்பதிலும் அவர் ஊக்கமுடையவர். லீயும் அவர் தம்பி ஜேம்ஸும் தொழிலாளர் சிலரும் பொறிகளுடன் ரூவான் நகரம் சென்று குடியேறினர்.

அந்தோ! 1610-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் ஹென்றி மன்னர் பாரிஸ் நகர வீதியிலே ஒரு கொலைஞனாற் குத்துண்டு மாண்டார். மன்னர் ஆதரவில் வைத்த நம்பிக்கை அவருடன் மாய்ந்தது. எனினும் லீ முயற்சியைக் கைவிடவில்லை. 1612-இல் ரூவான் நகரத்துப் பியர் தெ கோ என்பவருடன் ஒப்பந்தம் செய்து காலுறைத் தொழிலை நடத்தினார். அதுவும் நெடிது செல்லவில்லை. 1614-ஆம் ஆண்டளவிற் பாரிஸ் நகரிலே, பிறந்த ஊருக்கும் உறவினர்க்கும் நெடுந்தொலைவில், லீ உயிர் நீத்தார். வறுமையும் மனத்துயருமே அவர் இறுதிக்காலத் துணைவர் என்பர். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே எண்ணத்துக்கு உழைத்தவர், அதன் பயனைக் காணாமலே கண் மூடினார்.

பின் விளைந்தவை

தமையனார் இறந்தபின் ஜேம்ஸ் லீ பொறிகளிற் பெரும்பாலனவற்றையும் தொழிலாளரையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பினார். தோரட்டனிலே மாவாலை வைத்திருந்தவரும் முன்னர் லீயிடம் தொழில் பயின்றவருமான ஆஸ்டன் என்பவர் அவருடன் சேர்ந்து பொறியை மேலும் திருத்தினார். விதை இட்டவர் மறைந்தாலும் விதை முளைத்தது. 1657-இல் பொறிப் பின்னற்காரர் சங்கத்துக்குக் கிராம்வெல் பட்டயம் வழங்கினார். 1663-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் மீண்டும் வழங்கினார். லீக்கு மறுக்கப்பட்ட அரச அங்கீகாரம் அவர் தொழிலின் வழிவந்தார்க்குக் கிடைத்தது. அச்சங்கத்தின் சின்னத்தில் ஒருபுறம் கல்விமானின் அங்கியணிந்த ஆடவரும், மறுபுறம் பின்னலூசி தாங்கிய பெண்ணும் நிற்கின்றனர். 1696-இல் இப்பொறிகளைப் பிற நாடுகளுக்கு அனுப்புதலே சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஒருகால் வேண்டாவென்று துரத்திய பொருளை, பின்னர்ப் பூட்டிவைத்துக் காத்தனர்!

ஆனால் எலிசபெத்து அரசியாரின் வினா மறைந்துவிடவில்லை. நாட்டிங்காம், லெஸ்டர், டெர்பி ஆகிய மாகாணங்களின் சிற்றூர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்பொறியால் வாழத் தொடங்கின. வீட்டின் ஓர் அறையில் நீண்ட சன்னலருகே பொறி நிற்கும். ஆடவர் அதனைக் காலாலும் கையாலும் இயக்குவர். மனைவியர் ஓரம் தைப்பர். பிள்ளைகள் நூல் சுற்றுவர். பொறியோ பெரும்பாலும் முதலாளியுடையது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு வாடகை கொடுத்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூலி குறைந்தது. அகன்ற பொறிகளிற் பெருந்துண்டுகளைப் பின்னி, அவற்றை வெட்டித் தைத்து மலிந்த காலுறைகள் விற்கப்பட்டன. தொழிலின் மதிப்பும் கெட்டது. தொழிலாளரின் வயிறும் காய்ந்தது.

1811-ஆம் ஆண்டில் நாட்டிங்காம் நாட்டுப்புறத்திலே தொழிலாளர் இரவிற் கூடிப் பொறிகளை உடைக்கலாயினர். லட்டைட்டுகள் என்று பெயர் பெற்றவர் இவரே. உடைத்தவர் யார்? பொறியை அறியாத கைப்பின்னற்காரர் அல்லர். லீயின் பொறியிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களே. பொறியின்மேல் அவர்க்குப் பகை இல்லை. அதனைத் தம் கூலியைக் குறைக்கும் கருவியாக்கிய முறையின்மேலேயே பகை. 1812-இல் பொறி உடைப்பார்க்குத் தூக்குத்தண்டனை விதிக்கும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. நாட்டிங்காம் நாட்டிலே மாளிகை உடைய இளங்கவிஞர் பைரன் பிரபு, பிரபுக்கள் சபையில் தமது முதற்பேச்சிலேயே அச்சட்டத்தை எதிர்த்துப் பசித்தவர்க்காகப் பரிந்து பேசினார். சட்டம் நிறைவேறியே விட்டது. இருநூறு ஆண்டுகட்கு முன் ஓர் அரசு பொறியை விலக்கி ஏழையைக் காக்க நினைந்தது. இப்பொழுது ஓர் அரசு ஏழையைத் தூக்கிலிட்டுப் பொறியைக் காக்க நினைந்தது. இரண்டும் ஒரு வினாவுக்குக் கூறிய இரண்டு தவறான விடைகள் என்பதே எம் கருத்து.

முடிவுரை

லீயின் பொறி இன்று அவர் வைத்த உருவில் ஆலைகளில் இல்லை. நாட்டிங்காம் அருகே ரடிங்டன் என்னும் ஊரில் உள்ள பொருட்காட்சிச் சாலையிற் பழைய பின்னற்பொறிகளைக் காணலாம். ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் தனியே ஓர் ஊசி என்னும் அவருடைய எண்ணம் அழியவில்லை. நம் தமிழ்நாட்டுத் திருப்பூரிலே பனியன் பின்னும் யந்திரங்களும் அவ்வெண்ணத்தின் வழித்தோன்றல்களே. நாம் அணியும் பனியனை உற்று நோக்கினால், அதில் நிரை நிரையாய் நிற்கும் சிறு கண்ணிகள் கல்வெர்ட்டன் குருவானவரை நமக்கு நினைவூட்டும்.

இவ்வரலாற்றால் நாம் அறிவன இரண்டு. முதலாவது, பயன் காணாது இறந்தவரின் முயற்சியும் வீண்போவதில்லை என்பது. பரும்படியான காலுறை கண்டு அரசியார் முகஞ்சுளித்தபோது லீ ஊருக்குத் திரும்பியிருந்தால், உலகம் இன்னும் பல்லாண்டுகள் காத்திருத்தல் வேண்டும். எட்டு ஊசியை இருபது ஊசியாக்கிய பொறுமை, கற்கும் நமக்கு நல்லதொரு பாடம். இரண்டாவது, புதுமை ஒன்றைக் காணும்போது அஃது எத்துணை விரைவிற் செய்யும் என்பதோடு, அதனால் யார் கை சும்மாவிருக்கும், யார் வயிறு வாடும் என்றும் உடன் கேட்டல் வேண்டும் என்பது. அவ்வினாவைக் கேளாத அறிவு இரக்கமற்றது; அவ்வினாவோடு நின்றுவிடும் இரக்கம் பயனற்றது. இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ளுதல் கல்லூரியிற் கற்று நாளை உலகிற் புகப்போகும் நம்மனோர் கடமை.

இறுதியாக ஒன்று. யந்திரங்கள் எத்துணைப் பெருகினும் கையாற் குல்லா பின்னுவார் இன்றும் உளர். பிறக்கப்போகும் குழந்தைக்கென ஒரு பாட்டி எழுபத்திரண்டு கண்ணி எண்ணித் தொடங்கும்போது, அவள் எண்ணத்தில் விலையும் இல்லை, விரைவும் இல்லை. அக்குழந்தையின் தலை மட்டுமே உளது. யோப்பா பட்டணத்துத் தொற்காள் ஏழைக் கைம்பெண்களுக்கு ஆடைகள் செய்து கொடுத்ததும் இவ்வன்பினாலேயே. அவ்வன்பை யந்திரத்துக்கும் ஊட்டுவோமாயின், லீயின் உழைப்பும் நிறைவுறும். எலிசபெத்து அரசியாரின் அச்சமும் தீரும். அந்நாள் வருக என்று இறைவனை இறைஞ்சி இதனை முடிக்கின்றோம்.